செவ்வாய்க்கிழமை வேன்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்குத் தாராளம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பட்டப்பெயர் வைத்தவன் யாரோ, ஆளை அளந்துதான் வைத்திருக்கிறான். எதிரே வருகிறவன் முகத்தைக் கொஞ்சம் சுருக்கினால் போதும், என்ன ஏது என்று கேட்பதற்குள் இவர் கை சட்டைப்பைக்குள் போய்விடும். பேருந்து நிறுத்தத்தில், "பர்ஸ் தொலைஞ்சு போச்சு, ஊருக்குப் போகணும்" என்று நின்ற ஒரே ஆளுக்கு மூன்று தடவை ஊருக்குப் போகப் பணம் கொடுத்தவர். மூன்றாவது தடவை அந்த ஆளுக்கே கூச்சமாகிவிட்டது. "அண்ணே, உங்ககிட்ட ஏற்கெனவே..." என்று இழுத்தான். "பரவால்ல, வச்சுக்க" என்றார் தாராளம்.

இப்படிப்பட்ட மனிதரை வெளியே இருப்பவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டில் இருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். மனைவி ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை பார்த்தாள். கடை மூடும்போது கல்லாவில் ஒரு சில்லறை குறைந்தாலும் அவள் சம்பளத்தில் பிடிப்பார்கள். அப்படி நாள் முழுக்க ஒரு கணக்கில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே கணக்கு என்று ஒன்றே கிடையாது.

ஒரு வருடம் மகளின் நர்ஸிங் படிப்புக்கு ஹாஸ்டல் பணம் கட்டக் கடைசி நாள். பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பியவர், போகிற வழியில் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் சிக்கிக்கொண்டது என்று போன் வரவே அங்கே போனார். லிஃப்டைச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கினால், மருந்துக் கடை ஜன்னலில் ஒரு கிழவர் சீட்டை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவ்வளவுதான், முடிந்தது கதை. மகளுக்கு ஹாஸ்டல் இடம் போயிற்று. இன்றைக்கும் அந்தப் பெண் இருட்டோடு எழுந்து இரண்டு பேருந்து மாறித்தான் கல்லூரிக்குப் போகிறது.

மனைவி கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். கத்தவில்லை. எதிரே உட்காரச் சொன்னாள். அவருக்கு உட்கார்ந்து பழக்கமே இல்லை, உட்கார்ந்தாலும் முழங்கால் தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும்.

"குடுக்காதீங்கன்னு நான் சொல்லல" என்றாள். "எனக்கும் மனசு இருக்கு. ஆனா நீங்க குடுக்கிறது உங்க பையில இருந்து போகல, உங்க பொண்ணு தட்டுல இருந்து போகுது."

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"வாடகை மாதிரி, கரண்ட் பில் மாதிரி இதையும் வச்சுக்குவோம். சம்பளத்துல இருபதுல ஒரு பங்கு. சம்பளம் ஏறின அன்னைக்கே பேங்க்ல இருந்து தானா போயிரணும். யாருக்குப் போகணும்னு நீங்களே பாருங்க, நான் குறுக்க வரல. அதுக்கு மேல ஒரு காசு வெளிய போச்சுன்னு தெரிஞ்சுது, நானும் பொண்ணும் எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவோம். விளையாட்டுக்குச் சொல்லல."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவளும் அல்ல. தாராளம் முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சரி என்றார்.

பணம் போக வேண்டிய இடத்தைத் தேடி அவர் அலையவில்லை. அவர் பார்க்கும் லிஃப்டுகளில் ஒன்று ஒரு பழைய வணிகக் கட்டடத்தில் இருந்தது. அதன் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், ஒரு மேஜையும் இரண்டு போனும் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பார். சிறுநீரகம் கெட்டுப்போய் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர்களை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும் இலவசமாக வேனில் கொண்டுபோய் விடுகிற வேலை அவருடையது. எல்லோரும் அவரை ஆபீஸ் அக்கா என்றார்கள். ஆபீஸ் என்று சொல்ல அங்கே ஒரு நாற்காலிக்கு மேல் இடம் இல்லை.

"மாசாமாசமா?" என்று கேட்ட ஆபீஸ் அக்காவின் முகம் மலர்ந்தது. "ஒரேயடியா பெருசா குடுத்துட்டு போட்டோ எடுத்துட்டுப் போறவங்க வருவாங்க தம்பி. அவங்களும் நல்லவங்கதான். ஆனா அடுத்த மாசம் டிரைவர் வந்து சம்பளம் கேட்டா நான் போட்டோவக் காட்ட முடியாது பாருங்க."

முதல் மாதம் சம்பளம் ஏறியது. ஏறிய கையோடு பங்கு போயிற்று. போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவ்வளவுதான். தாராளம் அந்தச் செய்தியை மூன்று நாலு தடவை திறந்து பார்த்தார். கொடுத்த மாதிரியே இல்லை, யாரோ எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. ஒரு முகம் இல்லை, கண் கலங்கவில்லை, "நீங்க நல்லா இருக்கணும்" என்று ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருடமாக அந்த வார்த்தைக்காகவா கொடுத்தோம் என்று ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது. அதை அவர் உள்ளே விடவில்லை.

மறுநாள் ஆபீஸ் அக்காவுக்குப் போன் போட்டார்.

"வந்துச்சா அக்கா?"

"வந்துச்சு தம்பி."

"முழுசா வந்துச்சா?"

"முழுசா வந்துச்சு."

"சரி... வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்ன இருக்கணும்?"

அடுத்த மாதமும் இதே பேச்சு. மூன்றாவது மாதம், பணத்தை என்ன செய்தீர்கள், யாருக்குப் போயிற்று, எந்த வேலைக்கு ஆயிற்று என்று ஆரம்பித்துவிட்டார். மெக்கானிக் புத்தி அது. ஒரு போல்ட்டை முறுக்கினால் எது அசைகிறது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. ஆபீஸ் அக்காவுக்கு இரண்டு போனும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. "செவ்வாய்க்கிழமை பெட்ரோல்! உங்க காசு செவ்வாய்க்கிழமை பெட்ரோல் தம்பி, போதுமா?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போதுமாவாவது. அன்றோடு போயிற்று அவருடைய செவ்வாய்க்கிழமை. வேலைக்குக் கிளம்புகிறேன் என்று சீக்கிரமே கிளம்பிப்போய், வேன் புறப்படும் இடத்தில் தெருமுனையில் நின்றுகொள்வார். வேன் கிளம்பும்போது, ஏதோ பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிறவர் மாதிரி மனசு பூரிக்கும். சும்மா நின்று பார்த்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை. "பிரேக்க மெதுவாப் போடுப்பா, உள்ள நோயாளிங்க" என்று டிரைவரிடம் போய் நின்றார். டிரைவர் ஆபீஸ் அக்காவிடம், "அந்தச் செவ்வாய்க்கிழமை ஓனர் யாருக்கா?" என்று கேட்டான்.

மற்ற நாட்களில் அவர் நிலைமை இன்னும் மோசம். மனைவிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. கை நீட்டுகிறவர்களைத் தூரத்தில் பார்த்ததும் தெருவின் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுவார். அங்கேயும் ஒருவர் இருந்தால் கடைக்குள் நுழைந்து வேண்டாத ஸ்க்ரூவுக்கு விலை கேட்பார். கஞ்சனாகிவிட்டோமோ என்று மனசு குறுகுறுத்தது. கம்பெனியில் அவரோடு ஜோடியாக வேலை பார்க்கும் ஒல்லி வேறு, "அண்ணே, பேர மாத்திரலாமா? சிக்கனம்னு வச்சுக்கலாம்" என்று கிண்டல் செய்தான். தாராளம் சிரித்துவைத்தார். உள்ளே எரிந்தது.

செவ்வாய்க்கிழமை வேன் போகிற வீடுகளில் ஒன்று அவர் லிஃப்ட் பார்க்கிற குடியிருப்பு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஐந்தாவது மாடியில் ஒரு பெண் தனியாக இருந்தாள். நாற்பது வயது இருக்கும். வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து விற்பாள். அவள் லிஃப்டில் ஏறி இறங்கினால் அரைமணி நேரம் லிஃப்ட் முழுக்க வெனிலா வாசனை அடிக்கும். குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் கேக்கம்மா. வாய் கொஞ்சம் துடுக்கு. இவரை அண்ணே என்பாள், இவரும் தங்கச்சி என்பார். அவள் இடது முழங்கையில் ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். அது டயாலிசிஸ் என்று தெரியாமலே பார்த்திருக்கிறார்.

தெரிந்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொடுக்கிறவர் யார் என்று வாங்குகிறவருக்குத் தெரியக் கூடாது என்பது ஆபீஸ் அக்காவின் கண்டிப்பான சட்டம். "தெரிஞ்சா அவங்க உங்க முன்னாடி நிமிர்ந்து நிக்க முடியாது தம்பி" என்று சொல்லியிருந்தார். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தார். ஆனால் லிஃப்டுக்குள் கேக்கம்மாவைப் பார்க்கிறபோதெல்லாம் 'நான்தான், நான்தான்' என்று நாக்கு நுனியில் நமைச்சல்.

"வேன்லாம் ஒழுங்கா வருதா தங்கச்சி?"

"வருதுண்ணே."

"செவ்வாய்க்கிழமை?"

"செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் வருது."

"செவ்வாய்க்கிழமை எப்படி ஓடுது? பெட்ரோல் கிட்ரோல் எல்லாம் நல்லா இருக்கா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பெட்ரோல நான் என்ன குடிச்சா பாக்கிறேன்? வண்டி ஓடுதுண்ணே. உங்க லிஃப்ட் மாதிரி நடுவுல நிக்கல."

இப்படியே வருடம் ஓடிவிட்டது. வீட்டில் முதல் முறையாக மாதக் கடைசியிலும் கையில் பணம் இருந்தது. மனைவி அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவர் மனசைத் தவிர.

அப்போதுதான் ஒல்லியின் மகன் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். பிளேட் வைக்க வேண்டும், முன்பணம் கட்டினால்தான் தேதி தருவோம் என்றது ஆஸ்பத்திரி. ஒல்லி யாரிடமும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா இவர்? கை சட்டைப்பைக்குப் போயிற்று. போன கை அப்படியே நின்றது. மனைவியின் அக்கா வீடு ஞாபகம் வந்தது.

வழி ஒன்று அவருக்குத் தோன்றியது. லிஃப்ட் மெக்கானிக்குக்குத்தான் தோன்றும். இரண்டு லிஃப்ட் உள்ள கட்டடத்தில் ஒன்று நின்றுபோய், மாற்றுச் சாமான் வர நாளாகும் என்றால் என்ன செய்வார்கள்? பக்கத்து லிஃப்டில் கூட்டம் குறைவாக இருந்தால், அதை நிறுத்தி, அதிலிருந்து கழற்றி இதில் மாட்டி ஓட்டிவிடுவார்கள். சாமான் வந்ததும் அதையும் சரிசெய்வார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. அந்தமாதிரி, வீட்டுப் பணத்தைத் தொட வேண்டாம், வேன் பங்கை மூன்று மாதத்துக்கு இங்கே திருப்பிவிட்டால் என்ன? தர்மம் தர்மம்தானே, அங்கே போனால் என்ன, இங்கே போனால் என்ன? மனைவிக்குக் கொடுத்த வாக்கும் கெடவில்லை. இதை யோசித்ததும் அவருக்குத் தன் மூளை மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

போனில் பேங்க் பக்கத்தைத் திறந்து, மூன்று மாதத்துக்கு நிறுத்திவை என்று அழுத்தினார். ஒரு லிஃப்டிலிருந்து கழற்றுவதற்கு முன்னால் அதன் கதவில் 'இயங்காது' என்று பலகை மாட்ட வேண்டும். மாட்டாமல் வேலையை ஆரம்பித்த ஆட்களை அவரே கண்டபடி திட்டியிருக்கிறார். அன்றைக்கு ஆபீஸ் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் சங்கடம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

சம்பளம் ஏறியதும் அந்த மாதப் பங்கை ஒல்லியின் கையில் வைத்து, "அடுத்த ரெண்டு மாசமும் உனக்குத்தான்டா, வெளிய வட்டிக்கு வாங்காத" என்றார். ஒல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்" என்றான். ஆகா, எத்தனை மாதமாயிற்று அதைக் கேட்டு. தாராளம் அன்று வீட்டுக்கு நடந்து போனாரா, மிதந்து போனாரா என்று அவருக்கே தெரியவில்லை.

இரண்டு நாள்தான் அந்தச் சந்தோஷம். மூன்றாம் நாள் ஆபீஸ் அக்காவின் பெயர் போனில் மின்னியது. மாதாமாதம் வந்துச்சா வந்துச்சா என்று அரித்தெடுத்த மனிதர், இப்போது அக்காவே கூப்பிடுகிறபோது போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். மறுபடி அடித்தது. மோட்டார் அறையில் சத்தம், கேட்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மோட்டார் அன்று ஓடவே இல்லை. அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. என்ன உடம்புக்கு என்று மனைவி கேட்டதற்கு வெயில் சூடு என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தது. வேன் கிளம்புவதைப் பார்க்கப் போகவில்லை. ஆனால் மாதாந்திர சர்வீஸ் பட்டியலில் அன்று கேக்கம்மாவின் குடியிருப்புதான். கம்பெனி வண்டியில் கருவிப் பெட்டியும் கிரீஸ் டப்பாவும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினார். கீழே நுழைவாயில் நாற்காலியில், மடியில் பையோடு கேக்கம்மா உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. கால் வீங்கி, செருப்புக்குள் பாதிதான் நுழைந்திருந்தது. அவள் அந்நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவள்.

"என்ன தங்கச்சி இங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வேன் வராதாம்ணே. இப்பத்தான் அக்கா போன் பண்ணாங்க. இந்த மாசம் பெட்ரோலுக்குப் பணம் வரலையாம். கடைசி வரைக்கும் வந்துரும் வந்துரும்னு பாத்திருக்காங்க. இருக்கிறத வச்சு ரொம்பத் தூரத்துல இருக்கிறவங்கள மட்டும் கூட்டிட்டுப் போறாங்களாம்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "டாக்ஸிக்கு யாரும் போன் எடுக்கல, மழை. நேரத்துக்குப் போகலைன்னா என் மெஷின வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அப்புறம் வெள்ளிக்கிழமைதான்."

"வெள்ளி வரைக்கும் தாங்குமா?"

அவள் தன் காலைப் பார்த்தாள்.

தாராளம் கருவிப் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு அவளைக் கைத்தாங்கலாக எழுப்பினார். குடியிருப்புச் செயலாளர் எங்கிருந்தோ வந்து, "ஏங்க, லிஃப்ட் சர்வீஸ் என்னாச்சு? மூணாவது மாடியில கதவு முனகுது" என்றார். "முனகட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வாடிக்கையாளரிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை.

மழையில் வண்டிகள் எறும்பு மாதிரி நகர்ந்தன. ஒவ்வொரு சிக்னலும் இவருக்காகவே சிவப்பானது. ஸ்டீயரிங்கைத் தட்டினார், ஹார்னை அடித்தார், முன்னால் போகிறவனை முணுமுணுத்துத் திட்டினார். பக்கத்து இருக்கையில் கேக்கம்மா கண்ணை மூடிக்கொண்டு, வண்டியில் கிடந்த கம்பிச் சுருள் மேல் காலை வைத்தபடி சாய்ந்திருந்தாள். அவள் மூச்சு வருகிறதா என்று இவர் நிமிடத்துக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா மேல கோபமா தங்கச்சி?" பேசாமல் அவரால் வர முடியவில்லை.

"அவங்க என்ன பண்ணுவாங்க? யாரோ மாசாமாசம் குடுத்துட்டு இருந்தவங்க நிறுத்திட்டாங்களாம். ஒரு வார்த்தை சொல்லாம."

"அவங்களுக்கும் என்ன கஷ்டமோ."

"இருக்கலாம்ணே. குடுக்காதவங்க மேல எனக்குக் கோபமே கிடையாது. இத்தனை பேர் இருக்காங்க, யாரு யாருக்குக் குடுக்கிறாங்க?" கண்ணைத் திறக்காமலே பேசினாள். "முன்னாடி எனக்கு ஒரு டாக்ஸிக்காரர் இருந்தாரு. செவ்வாய், வெள்ளி, மழையோ வெயிலோ வாசல்ல வந்து நிப்பாரு. மாசக் கடைசியில கேக் வித்த காசுல குடுப்பேன், பாக்கி வச்சாலும் கேக்க மாட்டாரு. வேன் வருதுன்னு சொன்னதும் அவர விட்டுட்டேன். அவரு அந்த நேரத்துக்கு ஸ்கூல் பிள்ளைங்கள ஏத்த ஒத்துக்கிட்டாரு. குடுக்கிறேன்னு அவங்க சொன்னதாலதானே நான் அவர விட்டேன்? சொல்லாமலே இருந்திருந்தா நான் இந்நேரம் மெஷின்ல படுத்திருப்பேன்."

மாதக்கணக்காகத் தாராளத்தின் நாக்கு நுனியில் இருந்த வார்த்தைதான். எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார் மனசுக்குள்ளே. லிஃப்டில் சொல்வதாக, அவள் திகைத்துப்போய்க் கை கூப்புவதாக, இவர் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி' என்பதாக.

"நான்தான்" என்றார்.

"என்ன?"

"அந்த ஆளு நான்தான். செவ்வாய்க்கிழமை பெட்ரோல். கூட வேலை செய்யிறவன் பையனுக்குக் கால் உடைஞ்சுது, அதுக்குத் திருப்பிட்டேன். அக்கா போன் பண்ணாங்க, எடுக்கல."

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். லிஃப்டில் பார்த்துப் பழகிய முகத்தை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டயாலிசிஸ் பிரிவு வாசலில் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "அடுத்த ஆள் வந்துட்டாரு. முழு நேரம் கிடைக்காது, பாதிதான். படுங்க, இன்னைக்கு முடிஞ்ச அளவு எடுப்போம்." பாதியாவது கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டார் தாராளம்.

கேக்கம்மா உள்ளே போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பையனுக்குக் கால் எப்படி இருக்கு?"

"நாளைக்குப் பிளேட் வைக்கிறாங்க."

"சரி. வர்ற செவ்வாய்க்கிழமை?"

அவர் கை தன்னால் சட்டைப்பைக்குப் போயிற்று.

"கைய வெளிய எடுங்கண்ணே" என்றாள். "இன்னைக்கு டாக்ஸிக்குக் காசு என்கிட்ட இருக்கு. நான் கேக்கிறது அது இல்ல. வேன் வருமா, வராதா? என் மனசு நோகக் கூடாதுன்னு 'வரும்'னு சொல்லிட்டுப் போயிராதீங்க. உங்கள நம்பித்தான் நான் வேற ஏற்பாடு பண்ணணும், இல்ல பண்ணாம இருக்கணும்."

வரும் என்று சொல்ல எவ்வளவு சுலபம். அவர் வாழ்நாள் முழுக்க அதைத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். வாங்கிக்கோ, வச்சுக்கோ, நான் பாத்துக்கிறேன். அடுத்த இரண்டு மாதத்தை ஒல்லிக்குச் சொல்லியாயிற்று. அவன் அதை நம்பித்தான் வட்டிக்காரனிடம் போகாமல் இருக்கிறான். வீட்டுப் பணத்தைத் தொட்டால் மனைவிக்குச் சொன்ன சொல் போய்விடும். ஒரு மனுஷி முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமே கிடையாது.

"வராது தங்கச்சி" என்றார். "இந்த மாசமும் அடுத்த ரெண்டு மாசமும் வராது. அக்காகிட்டயும் இன்னைக்கே சொல்லிடறேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வரும். நிறுத்தறதா இருந்தா ஒரு மாசம் முன்னாடியே அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் நிறுத்துவேன்."

நர்ஸ் உள்ளிருந்து கூப்பிட்டாள். வர்றேன் என்று கையைக் காட்டிவிட்டு, கேக்கம்மா பையிலிருந்து போனை எடுத்து, சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் எடுத்ததும் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினாள்.

"அண்ணே, நான்தான், கேக்கம்மா. ஸ்கூல் பிள்ளைங்கள இறக்கி விட்டுட்டு வர முடியுமா? நான் இங்க கேட்டு நேரத்தத் தள்ளி வச்சுக்கிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும்... இல்லண்ணே, ரொம்ப நாளைக்கு இல்ல. மூணே மாசம். அதுக்கப்புறம் எனக்கு வேன் வந்துரும்."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமல், டயாலிசிஸுக்கு முன் எடை பார்க்கும் மெஷினில் போய் ஏறினாள். தாராளம் அந்தக் கதவுக்கு வெளியே, மழையில் நனைந்த சட்டையோடு, நகராமல் நின்றுகொண்டிருந்தார்.